காலியாகத் திரும்பிய ஃபிளாஸ்க்

நவம்பர் 4
என் கணவர் சிவ்ஹோங் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒன்பது நாள். இதயத்தில் புது வால்வு. ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை. டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: உடம்பு தேறச் சூப்பில் போடும் டாங்குய் வேர் கூடவே கூடாது, மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தம் நிற்காது. தேறி வரும் நோயாளிக்கு டாங்குய் வேண்டாமென்று எங்கள் ஃபோஷான் ஊரில் சொல்லத் துணிச்சல் வேண்டும். டாக்டர் வெளியூர்க்காரர்.

நவம்பர் 5
இவருடைய அக்கா யுக்லான் வந்தாள். கருங்கோழியும் டாங்குயும் நான்கு மணி நேரம் வெந்த சூப், ஃபிளாஸ்க் நிறைய. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அறுக்கத் தெரிஞ்சவனுக்குத் தேத்தத் தெரியுமா? நீ ஊத்திக் குடு."

சூப்பைத் திருப்பி அனுப்புவது ஆளைத் திருப்பி அனுப்புவது. கழுவுதொட்டியில் ஊற்றினால் மாடிப்படி முழுக்க மணக்கும். கீழ்வீட்டில் அவளுடைய மாஜோங் ஆட்டக் கூட்டாளி இருக்கிறாள். நானே குடித்தேன்.

நவம்பர் 11
ஏழாவது ஃபிளாஸ்க். ஒரு சொட்டு விடாமல் குடித்தாரென்று ஏழாவது தடவையாகச் சொன்னேன்.

நவம்பர் 15
அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடிக்கிறது அவன். கன்னம் சிவக்கிறது உனக்கா?"

அடுப்பு வெக்கை என்றேன். அடுப்பு எரியவில்லை.

நவம்பர் 18
இவர் பல் துலக்கித் துப்பியது சிவப்பு. முழங்கையில் ஊதாத் தடம். இடித்துக்கொண்டாராம், எங்கே என்று நினைவில்லையாம். நான் ஒரு சொட்டுக்கூடத் தரவில்லையே — பின்னே எப்படி?

நவம்பர் 19
மூக்கில் ரத்தம். ஒரு துண்டு நனைந்தது, அப்புறம் இன்னொன்று. நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள்: ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண், மூன்றுக்குள் இருக்க வேண்டியது, ஏழு. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

மூக்கைப் பிடித்தபடி இவர்தான் சொன்னார். ஒரு வாரமாக ஆற்றங்கரைக்கு நடக்கப் போவதாகச் சொல்லிப் போனதெல்லாம் அக்கா வீட்டுக்குச் சூப் குடிக்கவாம்.

"ஃபிளாஸ்க் போதலைன்னு அவதான் வரச் சொன்னா. அதை நீதான் குடிக்கிறேன்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்ல?"

தெரிந்திருக்கிறது. ஐயோ, எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறார்.

நவம்பர் 20
அக்காவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள்:

"தினம் ஒரு ஃபிளாஸ்க் குடிச்சும் தேறலையேன்னு, இங்க வந்தப்ப ரெண்டு மடங்கு வேர் போட்டேன்டி."

போட்டது அவள். அளவு சொன்னது என் பொய்.

நவம்பர் 22
எண் நாலரை. ரத்தம் நின்றுவிட்டது.

நவம்பர் 25
எண் இரண்டரை. அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், வெறுங்கையோடு. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கோட்டுப் பையில் விட்டாள், எடுத்தாள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் என்னதான் சாப்பிடலாம்?"

முப்பது வருடத்தில் பதில் வேண்டுமென்று அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சரியாகத் தெரியாது என்றேன். டாக்டர் அறை வாசலில் போய் இருவரும் வரிசையில் நின்றோம்.