தள்ளினால் நகரும் வண்டி

ஆலங்குடி
12.8.2024

அன்புள்ள பிரகாவுக்கு,

ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது தொண்டைக்குள் இறங்குகிறதா? நான் நம் பள்ளியை விட்டு ஒரு வருடமாகிவிட்டது. பழைய பேப்பர் கடையில் மூட்டை பிரிக்கிறேன். போன வாரம் அட்டை கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று வந்தது. எந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றெல்லாம் போட்டிருக்கிறது. முதலாளி அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அதில் ‘ஆட்டோமொபைல்’ என்ற சொல்லைப் பார்த்தேன். ‘ஆட்டோ’ கிரேக்கம், தானே என்று அர்த்தம். ‘மொபைல்’ லத்தீன், நகர்வது. இரண்டு ஊர்த் துணியைச் சேர்த்துத் தைத்த சொல். மூக்கன் சித்தப்பாவின் லோடு ஆட்டோவோ நான் தள்ளினால்தான் நகரும்! அவரிடம் சொன்னேன். “அந்தக் கிரேக்கக்காரன இங்கிட்டு வந்து ஓட்டிப் பாக்கச் சொல்லு” என்றார்.

யாரிடமும் சொல்லாதே, எனக்குக் கூச்சம். உனக்கு மட்டும்தான்.

உன் சொர்ணா


புதுக்கோட்டை
3.2.2025

அன்பு சொர்ணாவுக்கு,

ஆறு மாதமாக எழுதவில்லை என்று கோபப்படாதே. இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அதே சாம்பார், அதே வார்டன். அன்றைக்கு எழுதினாயே, அதுபோல டெலிவிஷனுக்கும் எழுதி அனுப்புடி. சும்மா தெரிந்துகொள்ளத்தான். அடுத்த வெள்ளிக்குள் கட்டாயம் வேண்டும்.

உயிர்த்தோழி
பிரகதீஸ்வரி


ஆலங்குடி
8.2.2025

பிரகதீஸ்வரிக்கு,

முந்தாநாள் நம் பள்ளி மூட்டை கடைக்கு வந்தது. பிரித்தது நான். உள்ளே அச்சு பிசகிய ஆண்டுமலர்கள். பதினேழாம் பக்கத்தில் உன் போட்டோ. பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. கீழே நீ பேசிய பேச்சு. அதில் என் ‘இரண்டு ஊர்த் துணி’ அப்படியே இருக்கிறது. ‘என் சித்தப்பாவின் லோடு ஆட்டோ’வும் இருக்கிறது.

உனக்குச் சித்தப்பாவே கிடையாது. மூக்கன் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். “என்னையச் சித்தப்பாங்குதா? அப்ப வந்து வண்டியத் தள்ளட்டும்” என்று சிரித்தார். கடைசி வரி இல்லாமல் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

‘படிப்பை நிறுத்திவிட்ட என் தோழி சொர்ணவல்லிக்கு இவற்றையெல்லாம் நான்தான் கடிதம் வழியாகக் கற்றுக்கொடுக்கிறேன்.’

போட்டிக்கு என்று கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். என் பெயரை ஏன் அங்கே அப்படிச் சொன்னாய்? நம் வகுப்பு மொத்தமும் கை தட்டியிருக்கும். அந்தப் பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் இனி நான் எந்தப் பக்கம் திரும்பிக்கொள்வது?

டெலிவிஷன் கேட்டிருந்தாய். ‘டெலி’ கிரேக்கம். தூரம் என்று அர்த்தம். மீதி லத்தீன். அதை நான் எழுதப்போவதில்லை.

சொர்ணவல்லி