எல்லாத்துக்கும் சரி

ஜூலை 16, புதன்

புதிதாக வாங்கிய ஏஐ ஏஜென்டுக்குக் கட்டுப்பாடு போடுவதிலேயே இன்றைய பொழுது போய்விட்டது. வேலையை நாம் வாயால் சொன்னால் போதும், கம்ப்யூட்டரில் டெர்மினலைத் திறந்து அதுவே கமாண்ட் அடித்து முடித்துவிடும். வசதியும் அதுதான், பயமும் அதுதான். படித்துப் பார்க்கும் கமாண்டுகளைத் தானாக ஓட்டிக்கொள்ளலாம். எதையாவது மாற்ற வேண்டுமென்றால் நின்று எங்களைக் கேட்க வேண்டும். அழிப்பது கூடவே கூடாது.

மாரீஸ்வரன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏ ஜெபா, புது மருமவளக்கூட யாரும் இம்புட்டு அடக்கி வைக்க மாட்டாவ" என்றான். சிரித்துவிட்டேன். கல்லூரியிலிருந்தே இப்படித்தான். அவன் பேசி வேலை பிடிப்பான், நான் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். ராஜபாளையத்தில் இந்த ஒற்றை அறை ஆபீஸ் ஓடுவதே அந்தப் பொருத்தத்தில்தான்.

ஜூலை 21, திங்கள்

பேண்டேஜ் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது! எந்த லாட், அதாவது எந்தத் தொகுதித் துணி, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்ற பதிவுகளைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். மேனேஜர் வெங்கடேஸ்வரி அக்காவுக்கு ஒரே சந்தேகம்தான். "மெஷினு பாட்டுக்கு அழிச்சுப்புட்டா? லாட் பதிவு இல்லாம ஒரு பெட்டி கம்பெனி கேட்டத் தாண்டாது, பாத்துக்கோ."

"அழிக்காதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன். பக்கத்தில் மாரீஸ் பலமாகத் தலையாட்டினான்.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரம். ஊரே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருந்தது. நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதை மாரீஸ் வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வருஷா வருஷம் தேருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவன் மட்டும் விடியற்காலையில் ஆபீஸுக்குப் போய் ஏஜென்டை ஓடவிட்டு வந்திருந்தான்.

"அது நடுவுல கேள்வி கேட்டு நிக்குமே?" என்றேன்.

"போன்ல பாத்துக்கிடுதேன். நீ வடத்தப் பிடி."

பிடித்தேன். உள்ளங்கை இன்னும் காந்துகிறது. அவன் அம்மா அழகுத்தாய் இலை நிறையச் சோறு போட்டு, மிச்சப் பாயசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

பதிவுகள் போய்விட்டன.

பாதி மாற்றியதும் டிஸ்க்கில் இடம் போதவில்லை. பழையதெல்லாம் மாற்றியாயிற்று என்று நினைத்து ஏஜென்ட் அழித்திருக்கிறது, அன்றாடக் காப்புப் பிரதியையும் சேர்த்து. எப்படி? நான் போட்ட விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. அழிக்கும் கமாண்டைத் தடுத்துவிட்டேன், ஆனால் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி அதன் வழியாக அழித்திருக்குமோ? அந்த வாசலை நான் யோசிக்கவில்லையோ?

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த மாரீஸ், "விடு, மனுஷன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றான். அந்த நேரத்தில் அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

ஜூலை 30, புதன்

கம்பெனிக்குப் போய் ஒத்துக்கொண்டேன். "விதிகள நான்தான் போட்டேன். என் தப்புதான்க்கா." வெங்கடேஸ்வரி அக்கா உடனே, லாரியில் ஏற்றிய பெட்டிகளை இறக்கச் சொல்லிப் போன் செய்தார். மாரீஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிட அவன்தான் நொந்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து, தூக்குவாளியைக் கொடுக்க மாரீஸ் வீட்டுக்குப் போனேன். அவன் இல்லை. அழகுத்தாய் அம்மா காபி போட்டுக்கொண்டே பேசினார்.

"தேரன்னைக்கு வந்தவொடனே சொன்னாம்மா. அந்த மெஷினு நொய்யு நொய்யுன்னு கேள்வி கேக்குதாம். எல்லாத்துக்கும் சரின்னு போட்டுட்டு வந்துட்டேன்மா, இனிமே கேக்காதுன்னான். மறுநா விடியமுன்ன என்னத்தையோ பழையபடி மாத்தி வைக்கணும்னு ஓடுனான். காப்பிகூடக் குடிக்கல."

காபியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

விதிகளைக் கழற்றினது கூடப் பரவாயில்லை. அவசரம், தேர், ஆசை. ஆனா திரும்ப மாட்டி வச்சிட்டு, நான் பைத்தியம் மாதிரி என் தப்பைத் தேடினப்ப பக்கத்துல உக்காந்து பாத்தியேடா! தட்டிக் குடுத்தியே! எப்படிடா மனசு வந்துச்சு?

ஆகஸ்ட் 4, திங்கள்

மாரீஸிடம் கேட்டுவிட்டேன். முதலில் மழுப்பினான். அம்மா சொன்னதைச் சொன்னதும் குரல் இறங்கிவிட்டது.

"சொல்லணும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள நீயே ஒத்துக்கிட்ட. பொறவு ரெண்டு பேரும் எதுக்குக் கெட்ட பேரு வாங்கணும்?"

ரெண்டு பேரும் எதுக்கு. அவனுக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஆபீஸுக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கம்பெனிக்குப் போனேன். மாரீஸ் எனக்கு முன்பே போயிருக்கிறான். "ஜெபாவ இந்த வேலையில இருந்து எடுத்துட்டேன், இனிமே நானே பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி வேலையைத் தக்கவைத்துக்கொண்டானாம். அனுப்புகைச் சீட்டுகளை வைத்துப் பதிவுகளைத் திரும்ப ஏற்றுகிறார்களாம்.

நடந்ததைச் சொன்னேன். வெங்கடேஸ்வரி அக்கா கோபப்படவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

"அன்னைக்கு ஒன் வாயாலதான சொன்ன? இப்ப வந்து அவன் தலையில போடுத. எத நம்ப நான்?"

அன்று நான் சொன்னதையும் உண்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். இதை யாரிடம் விளக்குவது? வெளியே வந்து ரோட்டிலேயே அழுதேன்.

ஆகஸ்ட் 20, புதன்

என் நாற்காலியையும் ஃபேனையும் ஆட்டோவில் ஏற்றினேன். தூக்கிவிட மாரீஸ் எழுந்து வந்தான். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மம்சாபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் சீனிச்சாமி அண்ணாச்சியின் இருப்புக் கணக்கை ஒழுங்குபடுத்தும் வேலை. தனியாகப் பிடித்த முதல் வேலை. ஏஜென்ட் எதையெல்லாம் தானாகச் செய்யும், எதற்கெல்லாம் என்னைக் கேட்கும் என்று காட்டினேன். கவனமாகத்தான் கேட்டார்.

"நீ வர முடியாத அன்னைக்கு?"

"அன்னைக்கு அது சும்மா கெடக்கும் அண்ணாச்சி."

"கெடந்துட்டுப் போகட்டும்" என்று கடைச் சாவியைக் கொடுத்தார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் செல்லை எடுத்து மாரீஸ் பெயரைத் தொட்டுவிட்டேன். வேலை கிடைத்தால் முதலில் அவனிடம்தானே சொல்வேன்! மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டு, ராஜபாளையம் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.