ஈரத் தரையில் தேறிய சக்கரங்கள்

இன்று காலை உலர்த்தும் பெட்டியைத் திறந்ததும் சூடான நைலான் வாடை முகத்தில் அடித்தது. கருகிய தலைமுடி வாடை என்பாய் நீ. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தட்டை வெளியே இழுப்பாய். நான் பொத்தவில்லை. உன்னை நினைத்தேன், அவ்வளவுதான். மஞ்சள்காமாலையில் நீ போய் நாலு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

பாளையம்பட்டியில் இந்தப் பட்டறையின் சோதனை அறையில் அப்போது நாம் இரண்டே பேர்தான். கடலை உடைக்கும் மிஷினுக்கு இரும்புக்குப் பதிலாக நைலான் பல்சக்கரம் செய்ய முதலாளிக்கு ஆசை. கலவையை மாற்றி மாற்றிக் கொடுப்பார். நீ எடைக்கல்லை அளந்த உயரத்திலிருந்து போடுவாய். உடைந்ததா, விரிசல் விட்டதா என்று நான் எழுதுவேன். ஏழாவது கலவை மட்டும் எத்தனை அடிக்கும் அசையவில்லை. "என்னடி இது, கல்லுக்குத்தான் வலிக்குது" என்றாய். முதலாளி அன்றைக்கே ஆர்டர் பிடித்தார்.

பங்குனி வெயிலில் அந்தச் சக்கரங்கள் அத்தனையும், ஆர்டர் கொடுத்த மல்லாங்கிணற்று மில்லிலிருந்து சாக்கு மூட்டையில் திரும்பி வந்தன. ஒன்றிலும் முழுசாகப் பல் இல்லை.

 அதே கலவையில் இரண்டு சக்கரம் எடுத்தாய். ஒன்றைப் பெட்டியில் உலர்த்தினாய். இன்னொன்று நம் அறையிலேயே பல நாளாகக் கிடந்தது. இரண்டின் மேலும் கல்லைப் போட்டாய். உலர்ந்தது ஒரே அடியில் இரண்டானது. மற்றது அப்படியே இருந்தது. பிறகு ஈரமாயிருந்த தரையைப் பார்த்தாய்.

"தெனமும் தண்ணி தெளிக்கிறியா?"

"வெக்கையா இருக்குல்ல. எங்க வீட்டுத் தறிக்கூடத்துல காலைல மொத வேலையே அதான். ஈரம் இல்லைன்னா நூலு அந்துரும்."

"நூலுக்குச் சரி. இது நைலான்டி. ஈரத்தக் குடிச்சுத்தான் இம்புட்டு நாளும் தெம்பா இருந்திருக்கு. வெளிய வெயில்ல காஞ்சதும் ஒடஞ்சிருக்கு."

அப்பாவின் தறி நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. உனக்கு அது தெரியும். முதலாளி உள்ளே வந்து, உடைந்த சக்கரத்தையும் ஈரத் தரையையும் பார்த்து, யார் செய்த வேலை என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய்.

"நான்தாண்ணே. வெக்கை தாங்காம தரையில தண்ணி தெளிச்சேன்."

அவர் அப்போதே உன்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பஸ் நிறுத்தம் வரை உன் பின்னாலேயே வந்தேன். "நான் போயி உண்மையச் சொல்லிர்றேன்" என்றேன்.

"சும்மா இரு. எனக்கு வேற எடத்துல வேலை சொல்லி வச்சிருக்கு. வாரேன்" என்று பரளச்சி பஸ்ஸில் ஏறினாய்.

நான் போய்ச் சொல்லவில்லை. அப்படி ஒரு வேலையும் உனக்கு இல்லை. துக்கம் கேட்க உன் வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் கூலிக்கு மிளகாய் பறிக்கத்தான் போனாயாம். "எம்மக வேலையில கவனமா இருப்பாளே, எப்படித் தப்பு பண்ணுனா?" என்று என்னிடம் கேட்டார்கள். காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது சோதனை அறை என் பொறுப்பு. மாதிரிகளை உலர்த்தி, காற்றுப் புகாத உறையில் போட்டுத்தான் வைக்கிறோம். யாராவது ஈரக்கையோடு சக்கரத்தைத் தொட்டால் முதலாளி உன் பெயரைச் சொல்லி, "அவ பண்ணுன வேலையப் பண்ணிராதீக" என்பார். உன்னைப் பார்த்தே இராதவர்களும் சிரிப்பார்கள். நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

நேற்று முதலாளி ஊரில் இல்லை. புதிதாகச் சேர்ந்த பெண் அறை வாசலில் குடத்துத் தண்ணீரைச் சிந்திவிட்டாள். முதலாளி வழக்கமாகச் சொல்வதை இந்த முறை அவளிடம் சொன்னது நான். உன் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். வாய் கூசவில்லை.