வரிசையின் கடைசியில் மாதேஷ்

சித்திரை, ஞாயிற்றுக்கிழமை.

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

எதிர்க்கடையில், வீட்டு டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல் விற்கும் மாதேஷ் இன்று என் வீடியோ கேம் சென்டருக்கே வந்தான். “ஓசூரே இனிமே வீட்லதான் ஆடும், கடைய மூடிரு அக்கா” என்று ஊர் கேட்கச் சொன்னவன். என் புது சண்டை கேம் மிஷினைப் பார்த்ததும் கை அரித்திருக்கும்.

இங்கே ஜெயித்தவர் மிஷினிலேயே நின்று ஆடலாம், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்த ஃபேக்டரிப் பெண் ஒருத்தி அவனை அடித்து நொறுக்கினாள். தோற்கப்போகும் நேரத்தில், ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டனை அவன் விரல் தேடியது. வீட்டில் ஆடுகிற பழக்கம். என் மிஷினில் அந்தப் பட்டனே கிடையாது. அதைப் பார்த்துக் கூட்டம் தமிழிலும் கன்னடத்திலும் சிரித்தது.

“அக்கா, இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.”

“வரிசையில நில்லு மாதேஷு.”

நின்றான். அவனுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அவனிடம் கன்சோல் வாங்கியவர்கள். ஒருவனும் இடம் விடவில்லை.

அவன் தலைக்கு மேல் ஓடிய ஃபேனை மட்டும் நிறுத்தினேன். வியர்த்து வழிந்தான், ஆனால் நகரவில்லை.

நாளைக்கும் நிறுத்துவேன். நாளைக்கும் வருவான்.