சாயங்காலம் சொன்ன சரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது, மற்றபடி சாப்பாடு தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு, நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ கேட்டதும் நான் எதையாவது சொல்லிவிடுகிறேன், அதனால்தான். இப்போது காலை ஏழு மணி, கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் யாரும் வரவில்லை. விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில், "போதும்மா, கடையை யார்கிட்டயாவது கொடுத்துட்டு ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க, மாசக் கடைசில டிக்கெட் போடட்டுமா" என்று கேட்டாய். நான் "சரி" என்றேன். அந்தச் சரியை நீ கணக்கில் வைத்துக்கொள்ளாதே. அதன்பிறகு இரண்டு முறை நீ பேச்சை எடுத்தாய், இரண்டு முறையும் நான் மழையைப் பற்றிப் பேசித் தப்பித்துக்கொண்டேன். இனிமேல் தப்பிக்கப் போவதில்லை.

அன்றைக்கு நடந்ததைக் கேள். புதிதாகத் திறக்கப்போகும் பல் ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு திரைகள் தைக்கக் கொடுத்திருந்தார்கள், நாற்காலிக்கு நாற்காலி மறைக்கிற திரை. நீலக் கோடு போட்ட துணி, நல்ல அகலம், எந்தப் பக்கம் வைத்தும் வெட்டலாம். ஐந்து மணி வாக்கில் கத்திரி மாமா வந்து, "கோடு நெடுக்க வரணுமா, குறுக்க வரணுமா" என்று கேட்டிருக்கிறார். நான் அப்போது ஒரு கையில் வளையத்தையும் ஒரு கையில் ரசீதையும் வைத்துக்கொண்டு, எதிரே ஓர் அம்மா இரண்டு பச்சைத் துணிகளை நீட்டி "எது நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்க" என்று நிற்க, "சரி, அப்படியே பண்ணிடுங்க" என்றேனாம். எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. பதினெட்டு வருஷமாக நம்மிடம் வெட்டுகிறவர், இன்னொரு தரம் கேட்டிருக்கலாம் இல்லையா. கேட்கவில்லை. ஏனென்றால் முந்தின நாள்தான், "எல்லாத்துக்கும் என் மூஞ்சியவே பாக்குறீங்களே, உங்களுக்குத் தெரியாதா" என்று அவரைக் கடித்திருக்கிறேன். அவர் நெடுக்க என்று எடுத்துக்கொண்டு மறுநாள் ஆறு திரை வெட்டிவிட்டுக் கண் பரிசோதனைக்குப் போய்விட்டார். பக்கத்தில் இருந்து கேட்ட மெஷின்காரப் பெரியக்கா குறுக்க என்று எடுத்துக்கொண்டு மீதி ஆறை வெட்டிவிட்டாள். தைத்து இஸ்திரி போட்டு வரிசையாகக் கொடியில் மாட்டியபோதுதான் தெரிந்தது, ஆறு நிற்கிறது, ஆறு படுத்திருக்கிறது. இரண்டு பேரும் என்னைக் கை காட்டுகிறார்கள், நீங்கதானே சரின்னீங்க என்று. என்னால் யாரையும் திட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் என்ன செய்தார் தெரியுமா, சிரித்தார். "அதே செவ்வாக்கிழமை சாயங்காலம் உன்கிட்ட டீயா காப்பியானு கேட்டேன், சரின்ன. ரெண்டையும் ஒண்ணா கலந்து குடுத்தேன். மடமடன்னு குடிச்சிட்டு டம்ளரக் கவுத்துட்டுப் போயிட்ட" என்றார். எனக்கு அழுகை நின்றுபோயிற்று. அப்படியானால் அன்றைக்கு ஐந்து மணிக்கு மேல் நான் சொன்ன எல்லாமே அந்த ரகம்தான் என்று தோன்றியது. நீ போன் செய்தது ஐந்தரைக்கு.

மறுநாள் காலையில் ஒரு காலி டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். யார் என்ன கேட்டாலும் ஒரு திரைக் கொக்கியை அதில் போடுவது என்று. நூல் எந்த நிறம், ஓரம் எத்தனை விரல், வண்டிக்காரர் இப்போது வரட்டுமா அப்புறமா, மின்விசிறி வேண்டுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா. அப்பா என் கண்ணாடி எங்கே என்று போன் செய்தார், அதற்கும் ஒன்று போட்டேன், "இதெல்லாம் கேள்வியா, அநியாயம்" என்று அவர் சண்டைக்கு வந்தார். மதியச் சாப்பாட்டுக்குள் எழுபத்தொரு கொக்கி. சாயங்காலம் எண்ணவே இல்லை, டப்பாவின் மூடி மூடவில்லை. மூட்டை தூக்கினால் தோள் வலிக்கும், உட்கார்ந்துகொள்வோம். இப்படிப் பதில் சொல்லிச் சொல்லிக் களைப்பது வலிக்காததால் இத்தனை நாள் தெரியவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, புத்தி மழுங்கிவிட்டது என்று நீ பயந்தாய், நானும் உள்ளுக்குள் பயந்தேன். காலையில் என் புத்தி கத்தி மாதிரிதான் இருக்கிறது பாப்பா. காலையிலேயே அதைக் கொண்டுபோய்க் கொக்கியிலும் நூலிலும் தேய்த்துத் தீர்த்துவிடுகிறேன்.

அதனால் சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். நூல், கொக்கி, வளையம் எல்லாம் இனி பெரியக்காவின் பாடு, தப்பாகப் போனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். முதல் நாளே வெள்ளைத் திரைக்குச் சந்தன நிற நூலைப் போட்டாள், நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாடிக்கையாளர் அதைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று போனார். துணி காட்டும்போது நாற்பதையும் விரிப்பதில்லை, மூன்றை மட்டும் எடுத்துப் போடுகிறேன், அவர்களும் சீக்கிரம் முடிவு செய்கிறார்கள். மூன்று மணிக்கு மேல் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் இருக்கும் ஆணியில் குத்திவிட வேண்டும், காலையில் நான் பதில் எழுதுவேன். கத்திரி மாமா, "வேலைக்கு வந்த எடத்துல பரீட்சை எழுத வச்சுட்டீங்களே" என்று புலம்பிக்கொண்டே எழுதுகிறார். ஆனால் காலையில் பார்த்தால் பாதிச் சீட்டுகளை அவர்களே கிழித்துப் போட்டிருக்கிறார்கள், பதில் தெரிந்துவிட்டதாம். வீட்டில் சமையல் என்ன என்பதை ஏழு நாளுக்கும் அப்பா எழுதி ஒட்டிவிட்டார். "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன், தினம் ரூட்டை யோசிச்சா ஓட்டினேன்" என்று ஒரே பெருமை.

ஆஸ்பத்திரிக்கு நானே போய் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டாக்டரம்மா படுத்த கோட்டைப் பார்த்துவிட்டு, "பல்வலியோட வர்றவங்களுக்குத் தலையும் சுத்தணுமா" என்றார், ஆனாலும் திங்கட்கிழமை வரை நேரம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்து ஆறையும் புதிதாகத் தைத்து முடித்தோம். அந்தத் துணிக் கட்டைப் பிரிக்கும்போது எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. நீ கல்லூரி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் இதே மேசைக்கு வந்தாய். எந்தப் படிப்புக்கு எழுதட்டும் என்று மெதுவாகக் கேட்டாய், உனக்கு எப்போதும் பாதிக் குரல்தானே. நான் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு, "சரி, எதுவானாலும் சரி" என்றேன். அப்புறம் ஜன்னல் ஓரமாகப் போய் நீயே நிரப்பிக்கொண்டாய். நம் வீட்டில் அதற்கு முன் யாரும் அந்த மாதிரிக் காகிதத்தைக் கையால் தொட்டதில்லை, உனக்கு எத்தனை பயமாக இருந்திருக்கும். நீ நன்றாகத்தான் எழுதினாய், நன்றாகத்தான் படித்தாய். ஆனாலும் அன்றைக்கு ஊசியைத் துப்பிவிட்டு உன்னை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இந்தத் தடவை நீ கேட்டதற்கு ஊசியில்லாத வாயால் பதில் சொல்கிறேன். எட்டு நாள் காலையில் யோசித்தேன், எட்டு நாளும் ஒரே பதில்தான் வந்தது. கடையை மூட மாட்டேன். உன்னிடம் வருவோம், வெயில் காலத்தில் ஒரு மாதம், திரும்பி வர டிக்கெட்டோடு. அந்த ஒரு மாதம் கத்திரி மாமாவும் பெரியக்காவும் கடையை நடத்துவார்கள், என்னைக் கூப்பிட மாட்டார்கள். இப்போதிருந்தே அதற்குத்தான் இத்தனை பழக்கம். உனக்கு வருத்தமாக இருக்கும், தெரியும். கோபப்படு, சண்டை போடு, ஆனால் என் காலை நேரத்தில் போடு. நீயும் ஆபீஸில் யார் எந்த வேலையைத் தள்ளினாலும் தலையாட்டிவிடாதே, காலையில் சொல்கிறேன் என்று சொல்லப் பழகு, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இதை அப்பா போட்டோ எடுத்து இன்றே அனுப்பிவிடுவார். காகிதம் பின்னால் பார்சலில் வரும், அதோடு படுத்த கோட்டுத் திரை ஒன்றும் வரும். உன் சமையலறை ஜன்னலுக்கு அளவு சரியாக இருக்கும். வழக்கம்போல என் சாயங்காலத்திலும் கூப்பிடு, என்ன சாப்பிட்டாய் என்று சொல், குரலைக் கேட்டால் போதும். அப்போது மட்டும் ஒன்றும் கேட்காதே.

நீ கையிலெடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்க என் ஆசியும் அப்பாவின் ஆசியும். ஷட்டர் சத்தம் கேட்கிறது, கத்திரி மாமா வந்துவிட்டார். ஆணியில் ஐந்து சீட்டு இருக்கிறது, பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
காலையில் எழுதும் உன் அம்மா