நம்புறீங்களா என்று கேட்ட பெட்டி

வெள்ளவத்தை
ஆவணி 2007

குகனின் அப்பாவுக்கு,

நான் சுகம். பிரஷர் குளிசையைத் தவறாமல் போடுகிறீர்களா?

கண் ஒப்பரேசனுக்குப் பிறகு குகனுக்குப் பார்வை வந்ததோ என்று நீங்கள் நித்திரை இல்லாமல் இருப்பது தெரியும். வெளிநாட்டிலிருந்து போனில் கதைத்தால் அவன் மறைப்பான். அதனால் முகம் பார்த்துக் கதைக்க ஹமீட் நானாவின் இன்ரநெற் கடைக்குப் போனேன். படம் வர கொம்பியூட்டரில் ஏதோ பிளகின் ஏற்ற வேண்டுமாம். அது ஏறவே இல்லை. அவர் மகள் பலீலா திரும்பத் திரும்ப முயன்றாள். ஒவ்வொரு தரமும் திரையில் ஒரு பெட்டி வந்தது.

“என்ன கேக்குது, பிள்ளை?”

“நம்புறீங்களாண்டு கேக்குது, ஆன்ட்டி. அமத்துங்க.”

நான் ‘நோ’வை அமத்தினேன். அந்தளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். இங்கே ஆர் என்ன கேட்டாலும் இல்லை என்பதுதானே எங்கள் வழக்கம்.

அதைக் கண்டு பலீலா சிரித்தாள். “நம்புறண்டு சொன்னாத்தான் அது உள்ளுக்கு வரும், ஆன்ட்டி.”

“ஆரெண்டு தெரியாமல் எப்பிடி நம்புறது?”

“மகனப் பாக்கோணுமா, வேணாமா?”

‘யெஸ்’ஸை அமத்தினேன். குகன் வந்தான், மடியில் பேத்தி. நல்ல கண்ணைப் பொத்தச் சொன்னேன். பொத்திக்கொண்டு, “ஏனம்மா காதிலை தோடில்லை?” என்றான்.

தோடு பத்திரமாக இருக்கிறது. ரோட்டில் போட்டுத் திரிய மனமில்லை, அவ்வளவுதான்.

அங்கேயிருந்து ஆரும் வந்தால் கூழுக்கு ஒடியல்மா கொடுத்துவிடுங்கள். நீங்கள் உடுத்த பழைய சாரம் ஒன்றும் வேண்டும், போர்க்க. தோய்க்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

இரத்மலானையில் ஊருக்குப் பிளேன் ஏறப்போகும் பாலேஸ்வரி இந்தக் கடிதத்துக்காக வாசலில் நிற்கிறாள். அவன் கண் தெரிகிறது. இன்றைக்காவது படுத்து நித்திரை கொள்ளுங்கள்.

அன்னபாக்கியம்