கடைசி பெஞ்சில் அசையாதவள்

மார்ச் 3, ஞாயிறு

அன்புள்ள டீச்சருக்கு,

பல்வலி தேவலையா? உன்னோடு சண்டை போட்டு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி ஏழு மாதமாகிறது. பழைய மெதடிஸ்ட் கிறிஸ்தவ ஆலயங்களைப் படமெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

இன்று பார்த்தது எட்டுப் பக்கச் சுவர் கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கிடங்கு. உள்ளே காலை வைத்ததும் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். சிலை இல்லை, படம் இல்லை, வர்ணக் கண்ணாடி இல்லை. எட்டுத் திசையிலிருந்தும் வெயில் வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறது. பிரசங்க மேடைக்கு நேர் எதிரே பால்கனியில் ஒரு கடிகாரம், பிரசங்கியார் நேரம் பார்த்து முடிக்கட்டும் என்று.

நான் சுற்றிச்சுற்றிப் பார்ப்பதைக் கண்டு காவலாளி கேட்டார்: "என்ன சார் தேடுறீங்க? இங்க பார்க்குறதுக்கு ஒண்ணும் கிடையாது. பாடும்போது வாங்க, அப்பத் தெரியும்."

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன் மறுபடி எடுக்கப்போகிறேன். நீயும் வா. வந்தால் நாம் மறுபடி ஒன்றாக வாழ்வோம். வராவிட்டால் இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

உன்,
போட்டோக்காரன்

மார்ச் 6

அன்புள்ள போட்டோக்காரருக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. கன்னம் இட்லி மாதிரி இருக்கிறது என்று வகுப்பே சிரிக்கிறது.

கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறீர்கள், என் பல்லுக்கு ஒரு வரி. சுவருக்கு இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு இல்லை. வீடு முழுக்க உங்கள் கண்ணெதிரே நடமாடினேன். நான் ஒருத்தி இருப்பதே உங்களுக்குத் தெரியவில்லை. சண்டையும் அதற்குத்தான். மறந்துவிட்டீர்களா?

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

டீச்சர்

மார்ச் 11

என் டீச்சருக்கு,

நீ வந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாயே.

அன்று வானம் மூடியிருந்தது; உள்ளே வெளிச்சம் போதாமல், பால்கனியிலிருந்து கேமராவின் லென்ஸை நாலு நிமிஷம் திறந்து வைத்தேன். அவ்வளவு நேரத்தில் நடக்கிறவர்கள் யாரும் படத்தில் விழமாட்டார்கள். கூட்டம் நெரிந்தது. பிலிமைக் கழுவினால் அத்தனை பேரும் புகையாகிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும், குனிந்த தலையும் கொண்டையும் முதுகுமாக, செதுக்கி வைத்தாற்போல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாத நீ, எனக்காக நாலு நிமிஷம் அசையாமல் இருந்திருக்கிறாய். படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

உன்னுடையவன்

மார்ச் 15

அன்புள்ள உங்களுக்கு,

அது நான் இல்லை.

பஸ் நிலையம் வரைக்கும் வந்தேன். உங்கள் கேமராவுக்குப் பின்னால் போய் நின்று காத்திருக்கவா என்று ரோஷம் வந்தது, திரும்பிவிட்டேன். கல்யாணமாகிப் பத்து வருஷம், இன்னொருத்தி முதுகைப் பார்த்து என்னுடையது என்கிறீர்கள். உங்களை என்ன செய்வது?

ஆனால் படத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள், அந்த அம்மாள் மட்டும் அப்படியே இருக்கிறாள். அவள் என்ன வேண்டிக்கொண்டாளோ. ராத்திரி சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏன் வீடு வாசலை மறந்து இந்தக் கோயில்களையே சுற்றுகிறீர்கள் என்று முதல் தடவையாகப் புரிந்தது.

ஒரு பிரதி போட்டு, அவள் யாரென்று காவலாளியிடம் விசாரித்து அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். என்னால் அப்படி உட்கார முடியாது. நடப்பேன், பேசுவேன், பாத்திரத்தை உருட்டுவேன். அப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறேனா என்று பார்ப்போம்.

உங்கள்,
டீச்சர்